காலிக் கட்டங்கள்

ஆய்வு செய்பவர்களுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்வது என் வேலை. உளவியல், மருத்துவம், பொறியியல் என்று பல துறைக்காரர்கள் மடிக்கணினியோடு வந்து எதிரில் உட்காருவார்கள். பேச்சை வைத்து இவர்களைப் பிரித்தறிவது கடினம். தரவு, மாதிரி, பி-மதிப்பு என்று எல்லோரும் ஒரே சொற்களைத்தான் சொல்கிறார்கள். எக்செல் கோப்பைத் திறந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். நான் முதலில் தேடுவது நிரப்பப்படாத கட்டங்களை. அவை ஏன் காலியாக இருக்கின்றன என்று கேட்டுப் பார்த்தால் அந்தத் துறையின் சுபாவம் புரிந்துவிடும்.

உளவியல் கோப்புகளில் காலிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்காது. 99 அல்லது 999 என்று போட்டு வைத்திருப்பார்கள். பதில் கிடைக்கவில்லை என்பதற்கான குறியீடு அது. கணினிக்கு அதைச் சொல்லாமல் விட்டால் கல்லூரி மாணவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டிவிடும். சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தொல்லை. பதில் சொல்லாமல் போனவர் யார் என்பதில்தான் உண்மையான சிக்கல். நீண்ட வினாப்பட்டியலில் அலுப்புத்தட்டி எழுந்து போனவர் ஒருவர். நம்பிக்கை இழப்பைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் தாண்டிச் சென்றவர் இன்னொருவர். கோப்பில் இருவருமே 99. அந்த இரண்டாமவரின் கட்டத்தைச் சராசரியால் நிரப்பிவிடலாமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்த ஆய்வு தேடிக்கொண்டிருந்த ஆளே அவராக இருக்கலாம்.

கோப்புக்குள்ளேயே வராதவர்களின் கணக்கு இதைவிடப் பெரிது. முன்னணி உளவியல் இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் சுமார் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே கொண்ட மேற்கத்தியத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை 2010இல் ஜோசஃப் ஹென்ரிக்கும் சக ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். மனித மனம் என்று பொதுவாகப் பேசிய கட்டுரைகளில் மனிதர்களில் பெரும்பாலோர் இடம்பெறவே இல்லை.

மருத்துவர்களின் கோப்பில் காலிக் கட்டம் என்றால் ஒரு நோயாளி மறுபரிசோதனைக்கு வரவில்லை. குணமாகி வராமல் இருக்கலாம், பக்க விளைவு தாங்காமல் மருந்தை நிறுத்தியிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் தற்செயல் எண்களே தீர்மானித்தன. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த ஏற்பாடு அது. முத்திரையிட்ட உறையைப் பிரிக்கும்வரை மருத்துவருக்குக்கூட விடை தெரியாது. அப்படிக் குலுக்கிப் பிரித்ததால் கிடைக்கும் சமநிலையை, வராதவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் நாமே குலைத்துவிடுகிறோம். அதனால் ஒருவர் எந்தக் குழுவில் ஒதுக்கப்பட்டாரோ அந்தக் குழுவிலேயே எண்ணப்பட வேண்டும். "மாத்திரையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவரை மாத்திரைக் குழுவில் எப்படிச் சேர்ப்பது?" என்று இளம் மருத்துவர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டைதான். ஆனால் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களை எல்லாம் நீக்கிவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும்.

பொறியாளர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: உடைத்துப் பார்க்கலாம். உலோகத் துண்டை மாறி மாறி வளைத்து எத்தனையாவது சுழற்சியில் முறிகிறது என்று எண்ணுவார்கள். முறியாமல் ஒரு கோடி சுழற்சியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் எந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். அடுத்த துண்டு காத்திருக்கிறது. நிறுத்திய துண்டின் ஆயுள் என்ன? கட்டம் காலி. சிலர் அந்த வரியையே அழித்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுத்து வருவார்கள். இருப்பதில் வலுவான துண்டுகளை நீக்கிவிட்டீர்களே என்றால், "ஆயுளைக் குறைத்துக் காட்டினால் பாதுகாப்புதானே?" என்பார்கள். ஒரே உலோகம் என்றால் விட்டுவிடலாம். இரண்டு உலோகக் கலவைகளை ஒப்பிடும்போது, உடையாத துண்டுகள் அதிகம் உள்ள நல்ல கலவைதான் அதிகம் இழக்கும்.

ஆய்வு முடியும் நாளில் உயிரோடு இருக்கும் புற்றுநோயாளியும் இதே கணக்கில் வருகிறார். இன்ன நாள்வரை இருந்தார், அதற்குமேல் தெரியாது என்பதும் ஒரு தகவல். அதை வீணாக்காமல் பயன்படுத்தும் வழியை இரண்டு பேர் தனித்தனியே கண்டார்கள். பால் மையர் 1950களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயாளிகளின் ஆயுளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். எட்வர்ட் கப்லான் பெல் ஆய்வகத்தில் கடலடித் தொலைபேசி வடங்களில் குரலைப் பெருக்கித் தரும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே இதழுக்கு எழுதி அனுப்ப, சேர்ந்து ஒரே கட்டுரையாகத் தாருங்கள் என்று பதில் வந்தது. 1958இல் அது வெளியானது. இன்று மருத்துவ இதழ்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களின் விகிதத்தைக் காட்டிப் படிப்படியாக இறங்கும் அவர்களின் வரைகோட்டைப் பார்க்கும் மருத்துவர்களிடம், இதன் ஒரு பாதி கடலடிக் குழாய்களிலிருந்து வந்தது என்று சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் நம்புவதில்லை.

உடைத்துப் பார்ப்பவர்களும் தவறுவதுண்டு. சேலஞ்சர் விண்ணோடம் 1986 ஜனவரி 28 அன்று வெடிப்பதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று விவாதித்தவர்கள், வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களின் வெப்பநிலைகளை மட்டும் ஒப்பிட்டார்கள். குளிரிலும் பாதிப்பு, வெப்பத்திலும் பாதிப்பு என்று அது குழப்பமாகத் தெரிந்தது. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்திருந்தால்? 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3இல் மட்டுமே பாதிப்பு. 63 டிகிரியும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் பாதிப்பு. விசாரணை ஆணையம் பின்னர் சொன்னது இதைத்தான். ஏழு பேர் இறந்த பிறகு.

சில சமயம் ஆய்வே முழுதாகக் காணாமல் போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியாகவே இல்லை என்று 2008இல் ஓர் அலசல் காட்டியது. வெளியாகாதவற்றில் அநேகமாக எல்லாமே மருந்துக்குச் சாதகமில்லாதவை. முன்கூட்டிப் பதிவு செய்யாத மருத்துவப் பரிசோதனைகளை ஏற்பதில்லை என்ற விதியை முக்கிய மருத்துவ இதழ்கள் அதற்கு முன்பே, 2005இல், கொண்டுவந்துவிட்டன. உளவியலுக்கு அந்த ஞானம் தாமதமாக வந்தது. 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவைதான் தேறின என்று 2015இல் தெரிந்த பிறகு, கேள்விகளை எழுதும் முன்பே என்னிடம் வரும் உளவியலாளர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

பொறியாளர்களிடம் இப்படிப் பொதுவான பதிவேடு இல்லை. தோற்றுப்போன சோதனைகள் நிறுவனங்களின் உள் அறிக்கைகளில் தங்கிவிடுகின்றன. உத்தரவாதக் காலத்தில் பழுதான பொருள் திரும்பி வரும். அதன் பிறகு பழுதானது எங்கே போனதென்று தெரியாது, மறுபரிசோதனைக்கு வராத நோயாளியைப் போலத்தான். இதைச் சொன்னால், "எங்கள் தோல்வியைப் போட்டி நிறுவனத்துக்கு நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். விமானத் துறை விபத்து அறிக்கைகளை வெளியிடுகிறதே என்பேன். அங்கே சட்டம் இருக்கிறது, இங்கே இல்லை என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உடையாத துண்டுகளின் வரிகளையாவது அழிக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.