வளரும் மகளுக்கு முதல் சென்டர்ஃபயர் ரைஃபிள்: விஸ்கான்சினில் நாங்கள் தேர்ந்தெடுத்த விதம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிம்ஃபயர் துப்பாக்கியால் மானைச் சுடச் சட்டம் அனுமதிப்பதில்லை. தோட்டாவின் அடிவிளிம்பில் தீமருந்து வைத்த அந்த வகை .22 ரைஃபிளைத்தான் என் மகள் 4-எச் என்னும் இளையோர் அமைப்பின் பயிற்சியில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தாள். பன்னிரண்டு வயதானதும், பதினைந்து வயது வரையுள்ளவர்களுக்கென அக்டோபரில் இரண்டு நாட்கள் நடக்கும் மான் வேட்டையில் கலந்துகொள்ள விரும்பினாள். அதற்குத் தோட்டாவின் அடிநடுவில் தீமருந்து பொருத்திய சென்டர்ஃபயர் ரைஃபிள் தேவைப்பட்டது. எந்தத் தோட்டா, எந்த நிறுவனம் என்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பிள்ளையை அளந்து பார்க்க வேண்டும் என்பதே இந்தத் தேடலில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நம் மக்களில் இப்போது பலர் இங்கே வேட்டைக்குச் செல்லத் தொடங்கியிருப்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியை வாங்குவதையும் வைத்திருப்பதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது; ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடைக்காரர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு ரைஃபிள் விற்க முடியாது என்பதால், 4473 எண் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து என் பெயரில்தான் வாங்கினேன். 1973 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் இம்மாநிலத்தில் வேட்டை உரிமம் பெற வேட்டைப் பாதுகாப்புக் கல்விச் சான்றிதழ் வேண்டும். நானும் பிற்பாடு பிறந்தவன் என்பதால் தந்தையும் மகளும் அந்த வகுப்பை ஒன்றாகவே முடித்தோம். எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருதுவது, குழல்முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்திருப்பது, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய்துகொள்வது, சுடத் தயாராகும் வரை விரலை விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே வைத்திருப்பது ஆகிய நான்கு விதிகளையும் அவள் தடுமாறாமல் சொல்லவும் செய்து காட்டவும் முடிந்த பிறகே கடைப்பக்கம் போவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

அளவெடுப்பதற்கு முன்னால் கண்ணைச் சோதிக்க வேண்டும். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையே சிறு துளை அமைத்து, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்தால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். என் மகள் எழுதுவது வலக்கையால். ஆதிக்கக் கண்ணோ இடது. சிறு வயதில் பழகிவிட்டால் இடத்தோளில் வைத்துச் சுடுவது கடினமில்லை என்று பயிற்சியாளர் சொன்னார், 4-எச்சில் அவள் அப்படித்தான் பழகியிருந்தாள். ஆனால் அந்த ஒரு காரணத்தால் எங்கள் தேர்வு வெகுவாகச் சுருங்கியது. தோளில் அணைக்கும் பின்பகுதியான கட்டை குட்டையாக உள்ள இளையோர் ரைஃபிள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும், தோட்டாவை ஏற்றவும் வெளியேற்றவும் கையால் இழுக்கும் போல்ட் வலப்பக்கம் அமைந்தவை.

நான் மிகுந்த நேரம் செலவிட்டது கட்டையின் நீளத்தில்தான். விசையிலிருந்து தோளில் பதியும் அடிப்பாகம் வரை பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் ஏறத்தாழ 13.5 அங்குலம் இருக்கும். இளையோர் வடிவங்களில் 12 முதல் 12.5 அங்குலம். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் அடிப்பாகத்தை முழங்கை மடிப்பில் வைத்தால், சுட்டுவிரலின் முதற்கணு விசையில் இயல்பாகப் படிய வேண்டும். கட்டை நீண்டிருந்தால் பிள்ளை உடலைப் பின்னால் வளைத்துத் தலையை முன்னால் நீட்டும். கட்டையின் அடிப்பாகம் தோளில் பதியாமல் புயத்துக்கு நழுவும். பின்னுதை (சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது) குறைந்த தோட்டாவும் அப்போது வலிக்கும். இந்த அளவை வீட்டில் மெல்லிய சட்டையோடு எடுத்தால் போதாது. இங்கே நவம்பர் மாதக் காட்டில் அணியும் கனத்த உடைகளும் ஆரஞ்சு மேலங்கியும் சேர்ந்து தோளின் தடிமனைக் கணிசமாகக் கூட்டிவிடும் என்பதால், குளிர்கால உடையை அணிவித்தே அளந்தேன். அவளுக்கு 12.25 அங்குலம் பொருந்தியது. ஒரு கடையில், பெரியவர்களுக்கான அளவையே வாங்கினால் வளர்ந்ததும் சரியாகிவிடும் என்று வற்புறுத்தினார்கள். பாவாடை சட்டையை ஓரளவு பெரிதாகத் தைத்து மடித்துவிடுவது போன்றதல்ல இது. பொருந்தாத துப்பாக்கியால் பிள்ளை சுடும் முதல் பருவத்தில்தான் அஞ்சி நடுங்கும் பழக்கம் ஏற்படுகிறது, பிறகு அதை நீக்குவது மிகக் கடினம்.

ஆகவே இடக்கை போல்ட் கொண்ட, மரக்கட்டை பொருத்திய முழு அளவு ரைஃபிள் ஒன்றை வாங்கி, துப்பாக்கி செப்பனிடும் கைவினைஞரிடம் கொடுத்தோம். அவர் கட்டையைத் தேவையான நீளத்துக்கு அறுத்து, பின்னுதையைத் தாங்கும் ரப்பர் திண்டைப் பொருத்தி, அவள் வளர வளர இடையில் செருகிக்கொள்ளக் கால் அங்குல, அரை அங்குலத் துண்டுகளையும் செய்து தந்தார். வலக்கைப் பிள்ளைகளுக்கு இந்த வேலை தேவையில்லை. செருகுதுண்டுடனேயே வரும் மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பான்டம் போன்ற வடிவங்கள் அவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் நான் முதன்மையாகக் கருதியது பின்னுதையைத்தான். .223 ரெமிங்டனை விஸ்கான்சின் மானுக்கு அனுமதிக்கிறது. ஆனால் அனுபவம் குறைந்த கை குறியில் சற்றே தவறினாலும் அது பொறுக்காது என்று நான் கருதினேன். 1955இல் வந்த .243 வின்செஸ்டர், .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்யப்பட்டது. 80 முதல் 100 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறு அலகு) எடையுள்ள குண்டோடு வெண்வால் மானுக்குத் தாராளமாகப் போதும், பெரியவர்கள் பயன்படுத்தும் .30-06 தோட்டா தரும் பின்னுதையில் ஏறத்தாழப் பாதிதான் தரும். 1980இல் வந்த 7 மி.மீ.-08 ரெமிங்டன் சற்றுக் கனத்த குண்டைச் செலுத்துவதால் பெரிய விலங்குகளுக்கும் உதவும். 2007இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் குறையில்லை. குறைந்த பின்னுதைக்கென ஹார்னடி கஸ்டம் லைட் வகைத் தோட்டாக்களும் இருப்பதால், 7 மி.மீ.-08ஐ இப்போது மென்மையாகவும் பிற்பாடு முழு வலுவோடும் பயன்படுத்தலாம் என்பது பலரின் வாதம். எல்க் என்னும் பெரிய மான் வகையை வேட்டையாடப் போகும் குடும்பமாக இருந்தால் நானும் அதையே எடுத்திருப்பேன். எங்களுக்கு வெண்வால் மான் மட்டுமே என்பதாலும், அண்டை வீட்டுக்காரரின் .243ஐ அவள் சுட்டுப் பார்த்திருந்ததாலும், அதையே தேர்ந்தோம். சுட்டதும் அவள், “அப்பா, இன்னொன்று சுடட்டுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் எந்த அட்டவணையையும் விடப் பெரிதாக மதித்தேன்.

நெம்புகோல் முறையில் இயங்கும் .30-30 ரைஃபிள்கள் அழகானவை, அளவிலும் சிறியவை. எனினும் தோட்டா உள்ளே இருக்கும் நிலையில் வெளிச்சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கும் வேலையைக் குளிரில் விறைத்த சிறு கைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியை விடுவிக்காமலேயே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்க முடிகிற போல்ட் ரைஃபிளையே கேட்டு வாங்கினேன்.

எடை குறைந்தால் நல்லது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால் ரைஃபிள் இலேசாக ஆக அதே தோட்டாவின் உதை கூடும். எங்களுடையது, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்த்து ஏறத்தாழ 3.4 கிலோ, மறைவிடத்தில் முக்காலியின் மேல் தாங்கிச் சுடுவதால் அந்த எடை அவளுக்குச் சுமையாகவில்லை. குழல்முனையில் பொருத்தும் பிரேக் உதையைக் குறைக்கும், ஆனால் ஓசையைச் சுடுபவர் பக்கமாகத் திருப்பிவிடும். வேட்டை ரைஃபிளின் வெடியோசை 140 டெசிபலைத் தாண்டுவதால் பிள்ளையின் செவியை எண்ணி அதைத் தவிர்த்தோம். பயிற்சித் திடலில் காதடைப்பானும் அதன்மேல் காதுக்கவசமும் சேர்த்தே அணிகிறோம்.

ஸ்கோப்பைக் கண்டிப்பாகப் பிள்ளையை வைத்தே பொருத்த வேண்டும். குட்டைக் கட்டையில் கண் முன்னால் வந்துவிடும் என்பதால், பெரியவருக்காகப் பொருத்திய இடத்திலேயே ஸ்கோப் இருந்தால் உதையில் அதன் விளிம்பு புருவத்தை வெட்டிவிடும். அவள் இயல்பாகக் கன்னம் பதித்தபோது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு அங்குலம் இருக்குமாறு முன்னால் நகர்த்திப் பூட்டினோம்.

பயிற்சியின் பெரும்பகுதி இன்றும் .22இல்தான் நடக்கிறது; .243ஐ ஒவ்வொரு முறையும் சில தோட்டாக்களோடு நிறுத்திவிடுவோம். அவற்றினிடையே வெற்றுப் பயிற்சித் தோட்டா ஒன்றை அவளுக்குத் தெரியாமல் வைத்தால், விசையை அழுத்தும்போது குழல் துள்ளுகிறதா, கண் மூடுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நூறு கெஜத் தொலைவில் ஆறு அங்குலத் தட்டுக்குள் தொடர்ந்து குண்டு விழுந்த பிறகும், காட்டில் எழுபது கெஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை என்று வரம்பு வைத்திருக்கிறோம்.

குண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஈயக் குண்டு உடலுக்குள் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கறியில் சிதறும். வளரும் பிள்ளைகளுக்கு ஈயம் எந்த அளவிலும் நல்லதல்ல. வீட்டில் உண்ணும் கறி என்பதால், விலை கூடுதலானாலும் 80 கிரெயின் செப்புக் குண்டையே பயன்படுத்துகிறோம்.

ரைஃபிள் இரும்புப் பெட்டகத்தில் பூட்டியிருக்கிறது, தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள் இருக்கின்றன, இரண்டின் சாவியும் என்னிடம் மட்டுமே உள்ளன. அவளும் அதை இயல்பான ஏற்பாடாகவே ஏற்றுக்கொண்டாள். வசந்தத்தில் மறுபடி அளந்தபோது கால் அங்குலத் துண்டைச் செருக வேண்டியிருந்தது. அதனால் கண்ணின் தூரம் மாறியதால் ஸ்கோப்பைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, நூறு கெஜத்தில் குறியை மீண்டும் சரிசெய்தோம். அடுத்த அளவெடுப்பு, செப்டம்பரில் குளிர்கால உடையைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது.