முதலில் போனைப் பிடுங்காதீர்கள்

ஆண்டு விழாப் படத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் முகத்தை வெட்டியெடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டிக்கராக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பன்றி மூக்கு ஒன்று ஒட்டி, கீழே அவன் நிறத்தையோ உடம்பையோ கிண்டலடித்து ஒரு வரி. வகுப்பு குரூப்பில் அது விழுந்ததும் பத்துப் பேர் தட்டி, தங்கள் ஃபேவரிட்டில் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு அனுப்பியவனே மனம் மாறி எல்லோருக்கும் சேர்த்து டெலீட் செய்தாலும் குரூப்பிலிருந்த செய்தி மட்டும்தான் போகும். பத்துப் போன்களில் ஏறிவிட்ட ஸ்டிக்கர் அங்கேயே இருக்கும். அந்தப் பையன் வீட்டுப்பாடம் என்னவென்று கேட்டாலும் பதிலுக்கு அவன் முகமே வந்து நிற்கும்.

"பசங்க விளையாட்டு" என்று பெரியவர்கள் இதைத்தான் ஒதுக்கிவிடுகிறார்கள். பள்ளிகளில் நடக்கும் சீண்டலை 1970களிலேயே முறையாக ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு பலத்தில் ஏற்றத்தாழ்வு. இணையத்தில் இரண்டாவது அடையாளம் உருமாறிவிடுகிறது. அனுப்பியவன் ஒரே ஒரு முறைதான் அனுப்பியிருப்பான். திரும்பத் திரும்ப நடத்துகிறவர்கள் மற்ற நாற்பது பேர். அதனால் "நான் ஒரு தடவைதான் போட்டேன் சார்" என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பாதிப்பு அதனால் குறைந்துவிடாது.

ஸ்டிக்கர் ஒரு வகை. சத்தமே இல்லாத வகை இன்னொன்று: ஒரு பெண்ணை மட்டும் விட்டுவிட்டு வகுப்பு மொத்தமும் புது குரூப் தொடங்குவது. இதில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூட எதுவும் இருக்காது. கேமில் வாய்ஸ் சாட்டில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது உண்டு. நட்பாக இருந்தபோது பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, சண்டை வந்ததும் அந்தக் கணக்கிலிருந்தே ஆசிரியருக்கு ஆபாசமாக எழுதுவதும் உண்டு. இவற்றோடு கன்ஃபெஷன் பேஜ். பள்ளியின் பெயரை வைத்து இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு இருக்கும். பயோவில் உள்ள கூகுள் ஃபார்மில் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் எழுதிப் போடலாம். "டென்த் பி-ல அந்த ஹேர்பேண்ட் பொண்ணு..." என்று தொடங்கும் வரி யாரைச் சொல்கிறது என்று பள்ளிக்கே தெரியும். எழுதியவர் யார் என்பதிலேயே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஆனால் வந்து குவிவதில் எதைப் பதிவாகப் போடுவது என்று தேர்ந்தெடுக்கிறவர் அட்மின். பேச வேண்டியது முதலில் அவரிடம்தான்.

பிள்ளைகள் ஏன் வீட்டில் சொல்வதில்லை? மிரட்டுகிறவன் மீதுள்ள பயத்தைவிட, "இனிமே உனக்குப் போனே கிடையாது" என்று அம்மாவோ அப்பாவோ சொல்லிவிடுவார்கள் என்ற பயம் பெரிது. அப்படிச் சொன்ன நொடியில் மூன்று இழப்புகள். ஒன்று, ஆதாரம். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், டிஸ்அப்பியரிங் மெசேஜும் அப்படித்தான் கரையும். இரண்டு, பிள்ளை பக்கம் நின்ற ஓரிரு நண்பர்கள் பேசும் வழி. மூன்றாவதுதான் பெரிய இழப்பு: அடுத்த முறை எதுவும் நம் காதுக்கு வராது. ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நல்லவேளை சொன்ன. போனை வாங்க மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

அதன்பிறகு செய்வதில் வரிசை முக்கியம். பெரும்பாலோர் முதலில் பிளாக் செய்துவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவரை பிளாக் செய்தால், நம் பதிவுகளில் அவர் போட்ட கமென்ட்டுகளும் சேர்ந்தே மறையும். நிரூபிக்க வேண்டியதை நாமே துடைத்துவிட்டதாக ஆகும். முதலில் ஆதாரம், அடுத்து ரிப்போர்ட், கடைசியாக பிளாக்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதிலும் தவறு நேர்கிறது. திட்டிய வரியை மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள். யார், எப்போது, எந்த குரூப்பில் என்று எதுவும் இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளும் தேதியும் நேரமும் தெரியும்படி முழுத் திரையாக எடுங்கள். வாட்ஸ்ஆப் என்றால் அனுப்பியவரின் எண் தெரியும் கான்டாக்ட் பக்கத்தையும் எடுங்கள்; நாம் சேமித்து வைத்த பெயர் எதையும் நிரூபிக்காது. இன்ஸ்டாகிராமில் மேலே தெரியும் பெயர் எந்த நேரமும் மாறக்கூடியது, யூசர்நேமும் மாறும். யூசர்நேம் மாறினால் புரொஃபைலின் இணைப்பும் மாறிவிடும். எனவே இரண்டையும் உடனே காப்பி செய்து, அன்றைய தேதியோடு வையுங்கள். 'அபவுட் திஸ் அக்கவுன்ட்' பகுதியில் கணக்கு எந்த மாதம் தொடங்கப்பட்டது என்று தெரிந்தால் அதையும் படமெடுங்கள். சண்டை நடந்த மாதத்திலேயே ஃபேக் ஐடி பிறந்திருந்தால் அது பயனுள்ள தகவல். ஒருமுறை மட்டுமே பார்க்கும்படி வரும் படத்தை வாட்ஸ்ஆப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. கேவலப்படுத்தும் படம் அப்படி வந்தால் இன்னொரு போனால் திரையைப் படமெடுக்கலாம். உடல் தெரியும் படத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைப்பதும் நல்லது. ஆனாலும் அசல் அந்தப் போனில்தான் இருக்கிறது. போனை ரீசெட் செய்யவோ, விற்கவோ, வாட்ஸ்ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அசல் கருவி கையில் இருந்தால் அது சுலபம். ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று நாளுக்கு இரண்டு வரி எழுதி வந்தால் போதும். ஸ்கிரீன்ஷாட்டே எடுக்க முடியாத ஒதுக்கலுக்கு இந்த நோட்டுதான் ஆதாரம்.

அடுத்து ரிப்போர்ட். கணக்கைத் தனியாகவும், ஒவ்வொரு பதிவையும் தனியாகவும் ரிப்போர்ட் செய்ய வேண்டும். சொந்தக்காரர்கள் ஐம்பது பேரைக் கூட்டி ரிப்போர்ட் அடிப்பதால் பதிவு சீக்கிரம் போய்விடாது. எண்ணிக்கையை வைத்துத் தாங்கள் முடிவெடுப்பதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. சரியான காரணத்தைத் தேர்ந்தெடுப்பதே பலன் தரும். ஃபேக் ஐடிக்கு 'வேறொருவர் போல நடிக்கிறது' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பிடிக்கவில்லை' என்று கொடுத்தால் எதுவும் நடக்காது. வாட்ஸ்ஆப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்தால் அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரைதான் நிறுவனத்துக்குப் போகும். அதனால் ஒரு வாரம் பொறுத்திருந்து செய்வதில் பயனில்லை.

பிளாக் செய்வதில் ஒரு சிக்கல். அதே வகுப்பில், நாளை காலை அதே பெஞ்சில் அவனைப் பார்க்க வேண்டும். பிளாக் ஆனது தெரிந்ததும் கோபம் இரட்டிப்பாகும். இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற வசதி இதற்கென்றே வந்தது. அவன் போடும் கமென்ட் அவனுக்கு மட்டும் தெரியும், செய்தி ரிக்வெஸ்ட் பக்கம் போய்விடும், நாம் படித்தோமா என்பதும் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். வாட்ஸ்ஆப்பில் பிரைவசி பகுதிக்குப் போய், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். வெளியேறிய குரூப்பில் முன்பின் தெரியாத எண்கள் மறுபடி இழுத்துப் போடுவது அதோடு நிற்கும்.

இனி மார்ஃபிங். பிள்ளையின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிய படம், அல்லது பிள்ளையே யாரையோ நம்பி அனுப்பிய படம். இங்கே மேலே சொன்னதில் ஒன்று தலைகீழ்: அந்தப் படத்தை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். தலைமையாசிரியருக்கு 'ஆதாரம்' என்று அனுப்புவதும், குடும்ப குரூப்பில் போடுவதும் கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அத்தகைய படங்களை வைத்திருப்பது தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவைக் கண்டிப்பாக விளக்கியது. வந்த செய்தி வந்த இடத்திலேயே இருக்கட்டும். இணைப்பு, யூசர்நேம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு காவல்துறையிடம் போனை நேரில் காட்டுங்கள்.

படம் பரவுவதைத் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையை அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்.சி.எம்.இ.சி. 2023 முதல் நடத்துகிறது. படம் நம் போனை விட்டுப் போகாது. போனிலேயே அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு ஒன்று, கைரேகை போல, உருவாகி, அது மட்டும் நிறுவனங்களுக்குப் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவை அதை வைத்துத் தேடி நீக்கும். வாட்ஸ்ஆப் சாட்டுக்குள் அது எட்டாது. இந்தியாவில் சமூக ஊடக நிறுவனங்கள் போன்றவற்றுக்கென 2021இல் வந்த இடைநிலையாளர் விதிகளே, அந்தரங்க உறுப்பு தெரியும் படம், மார்ஃபிங் படம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றன. நீக்கியதை விசாரணைக்காக 180 நாள் பாதுகாக்கவும் சொல்கின்றன. பதிவு போய்விட்டால் வழக்கும் போச்சு என்று நினைக்க வேண்டாம்.

புகாருக்கு தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அப்படித் தந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடர முடியாது. 1930 என்ற எண் முதன்மையாகப் பணமோசடிக்கு. குழந்தை என்றால் 1098. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. மனநிலை தடுமாறினால், இரவு எந்நேரமும், 14416.

சில பள்ளிகளில் இன்னும் '66ஏ-ல உள்ள தள்ளிடுவோம்' என்று மிரட்டுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. உயிரோடிருக்கும் பிரிவுகள் போதும்: பாஸ்வேர்டைத் திருடினால் 66சி, அந்தரங்கப் படமெடுத்தால் 66இ. பாலியல் தன்மை இருந்தால் போக்சோ. அங்கே தலைமையாசிரியருக்கு விருப்பத் தேர்வு கிடையாது. தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின் கீழ் அவருக்கே ஓராண்டு வரை சிறை. 'பள்ளி பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கலாம்' என்பதைச் சட்டம் ஏற்காது.

செய்தவனும் பிள்ளைதான் என்பதை மறக்க வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவனை லாக்கப்பில் வைக்க முடியாது. கொடுங்குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்யாதிருந்தால், எஃப்.ஐ.ஆர். போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து, அவனுடைய சமூகப் பின்னணி அறிக்கையோடு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவதே 2016ஆம் ஆண்டு விதி. பிரேயரில் நிறுத்தி அவமானப்படுத்தினாலோ, டி.சி. கொடுத்து அனுப்பினாலோ, அடுத்த பள்ளியில் அவன் இன்னும் கவனமாக ஃபேக் ஐடி திறப்பான்.

பள்ளிகள் நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய தவறு, இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து "கை குடுத்துக்கோங்க" என்பது. பலத்தில் ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் அது சமரசம் ஆகாது; சாட்சிக்கு ஆசிரியரையும் வைத்துக்கொண்டு நடக்கும் இன்னொரு மிரட்டல். தனித்தனியாகப் பேசுங்கள். முதலில் பாதிக்கப்பட்டவரிடம், அடுத்து அட்மினிடம், பிறகு ஃபார்வர்டு செய்தவர்களிடம் ஒவ்வொருவராக, கடைசியில் தொடங்கியவனிடம். நாற்பது பேரை மொத்தமாக நிறுத்தித் திட்டினால் யார் போட்டுக்கொடுத்தது என்ற வேட்டைதான் ஆரம்பிக்கும். தனியாகக் கேட்டால் பெரும்பாலோர் தாங்களாகவே ஸ்டிக்கரை அழிப்பார்கள். ஆசிரியர் முன்னாலேயே ஃபேவரிட் பகுதியைத் திறந்து அழிக்கச் சொல்லலாம்.

ஒரு வாரம், மூன்று வாரம், இரண்டு மாதம் என மூன்று தேதிகளைக் குறித்துக்கொண்டு பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள். "எல்லாம் சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். மதியம் யாரோடு சாப்பிட்டாய், வீட்டுப்பாடத்தை எந்த குரூப்பில் பார்த்தாய் என்று கேளுங்கள்.