பக்கத்து வீட்டு டோங்கா கொடி

டிசம்பர் லீவுக்குச் சிட்னியிலிருந்து கீழக்கரைக்கும் தொண்டிக்கும் வரும் பிள்ளைகளின் பெட்டியில் இப்போது சாக்லேட்டோடு முட்டை வடிவப் பந்து ஒன்றும் வந்து இறங்குகிறது. அதை வைத்து அரியமான் கடற்கரை மணலில் என்ன ஆடுவது என்று உள்ளூர்ப் பையன்களுக்குத் தெரியாது. சிட்னிக்குப் புதிதாகக் குடிபோகிற பெரியவர்களுக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். துபாய்க்கும் சவூதிக்கும் சபர் போனவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. கிரிக்கெட் பேசத் தெரிந்தால் போதும், காலம் ஓடிவிடும். சிட்னியின் பாரமட்டா, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் வீடு பிடித்தால் கதை வேறு. அக்டோபர் பிறந்ததும் பக்கத்து வீட்டுக் கார் பானெட்டில் பசிபிக் தீவு நாடான டோங்காவின் சிவப்புக் கொடி விரிந்திருக்கும், எதிர்வீட்டு பால்கனியில் சமோவா கொடி தொங்கும். வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர் ஏதோ தேர்தல் என்றுதான் நினைப்பார். உண்மையில் நடப்பது ரக்பி லீக் ஆட்டத்தில் நாடுகளுக்கு இடையிலான போட்டி.

முதலில் பெயர். அங்கே இதை ஃபுட்டி என்பார்கள். வெறுமனே ரக்பி என்று சொன்னால் ஒரு பக்கம் 15 பேர் ஆடும் ரக்பி யூனியனைத்தான் நினைப்பார்கள். லீக்கில் 13 பேர். இரண்டும் பிரிந்ததற்குக் காரணம் கூலி. 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய கிளப்புகள் தனிச் சங்கம் கண்டன. சனிக்கிழமை ஆடப்போன சுரங்கத் தொழிலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் அந்த நேரத்துக் கூலி போயிற்று. அதை ஈடுகட்டப் பணம் கொடுக்கத் தலைமைச் சங்கம் ஒப்பவில்லை. கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு இல்லை என்ற கணக்கில் வளர்ந்த நம் கரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். 1908இல் சிட்னியிலும் லீக் போட்டி தொடங்கி, உழைப்பாளிகள் குடியிருந்த பகுதிகளில் வேர்விட்டது.

ஆட்டத்தைப் பிடிக்க ஒரே ஒரு எண்ணை விடாமல் எண்ணினால் போதும்: ஆறு. ஓவருக்கு ஆறு பந்து மாதிரி, பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு பிடி. ஒருவரைப் பிடித்து விழுத்தினால் ஒரு டேக்கிள். சடுகுடுவில் பிடிபட்டவர் வெளியே போவார். இங்கே எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார். ஆறாவது தடவையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால்தான் ஐந்து பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுகிறார்கள். பந்து எப்படியும் கைமாறப் போகிறது, நம் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் மாறுகிறதோ அவ்வளவு நல்லது. புதிதாகப் பார்க்கிறவர்கள் “கையில் இருந்த பந்தை ஏன் வீணாக்குகிறான்?” என்று கேட்பது இந்த இடத்தில்தான்.

மைதானம் கோட்டுக்குக் கோடு 100 மீட்டர், அகலம் 68. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் டிரை, 4 புள்ளி. தாண்டினால் மட்டும் போதாது, பந்து தரையைத் தொடும்போது கை அதன்மேல் இருக்க வேண்டும். திரை நடுவர் பத்துக் கோணத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். டிரை விழுந்த இடத்துக்கு நேர்க்கோட்டில் பின்னால் வந்துதான் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து இன்னும் 2 புள்ளி எடுக்க முடியும். ஓரத்தில் டிரை போட்டால் கோணம் குறுகிவிடும். கோட்டைத் தாண்டிய பிறகும் நடுவை நோக்கி ஒருவர் ஓடுகிறார் என்றால் வேடிக்கை காட்டவில்லை, அந்த 2 புள்ளிக்கு வழி பண்ணுகிறார். தண்ட உதை 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் 1.

கையால் எறிவது முன்னால் போகக் கூடாது. இதில்தான் வரவேற்பறைச் சண்டைகள் அதிகம். ஓடும் வல்லத்தில் நின்றுகொண்டு ஒரு பொருளைப் பின்னுக்கு எறிந்தாலும், வல்லத்தின் வேகம் அதையும் கொஞ்சம் முன்னே இழுத்து வரும். பந்தும் அப்படித்தான். கையை விட்டு எந்தப் பக்கம் புறப்பட்டது என்பதுதான் கணக்கு, எங்கே போய் விழுந்தது என்பதல்ல.

தடுக்கும் அணியைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் ஆட்டம் இரண்டு மடங்கு ருசிக்கும். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் அவர்கள் 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். விழுந்தவருக்கு எதிரே இரண்டு பேர் மட்டும் நிற்கலாம். பந்து உருண்டதும் வரிசை முழுவதும் சேர்ந்து முன்னேறும். கரைவலை இழுத்தவர்களுக்கு இது கைப்பழக்கம்: ஒரு பக்கக் கயிறு முந்தினால் மடி கோணும், மீன் நழுவும். இங்கும் ஒருவர் மட்டும் முந்திப் பாய்ந்தால் அவர் விட்ட இடைவெளியில் பந்து புகுந்துவிடும். கடைசி இருபது நிமிடத்தில் டிரை அதிகம் விழுவதற்கும் இதுவே காரணம். பெரிய உடம்புக்காரர்கள் அந்த 10 மீட்டரை ஓடி முடிக்குமுன் அடுத்த பந்து உருண்டுவிடுகிறது.

இனி போட்டி. ரக்பி லீக் உலகக் கோப்பை முதலில் நடந்தது 1954இல், பிரான்சில். நான்கே அணிகள். இறுதியில் கிரேட் பிரிட்டன் 16–12 என்று பிரான்சை வென்றது. பெரிய பெயர் பெற்ற யூனியன் உலகக் கோப்பை 1987இல்தான் பிறந்தது. இது 33 வருடம் மூத்தது. அந்த முதல் கோப்பை 1970இல் பிராட்ஃபோர்டில் ஓர் ஓட்டலிலிருந்து திருடுபோய், 20 வருடம் கழித்து அதே ஊரில் குப்பையோடு கிடந்தது. ஆஸ்திரேலியா 12 முறை வென்றிருக்கிறது, பிரிட்டன் 3, நியூசிலாந்து 2008இல் ஒரே முறை. பட்டியலைப் பார்த்தால் சலிப்புத்தான். சுவை வேறு இடத்தில் இருக்கிறது. 2017இல் டோங்கா நியூசிலாந்தை வீழ்த்தியது. காலிறுதியில் ஃபிஜியும் 4–2 என்று வீழ்த்தியது. கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போன போட்டியில் சமோவா 27–26 என்று இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்று இறுதிக்குப் போனது.

நம் மாவட்டத்து மக்கள்தொகைகூட இல்லாத தீவுகள் இவ்வளவு தூரம் வருவது எப்படி? தாத்தா பாட்டி விதியால். ஒருவர் தான் பிறந்த நாட்டுக்கு ஆடலாம். அம்மா அப்பா பிறந்த நாட்டுக்கு ஆடலாம். அப்பத்தாவோ அம்மாச்சியோ பிறந்த நாட்டுக்கும் ஆடலாம். ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருந்த நாட்டுக்கும் ஆடலாம். சிட்னியிலும் ஆக்லாந்திலும் பிறந்து வளர்ந்த பையன்கள் பெரிய நாட்டு ஜெர்சியைத் தள்ளிவிட்டுப் பாட்டியின் தீவுக்கு ஆட வருகிறார்கள். லெபனான் அணியும் பெரும்பாலும் சிட்னி மேற்கின் பிள்ளைகள்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு டோங்கா கொடி கட்டுவதை விசுவாசக் குறைவாக யாரும் அங்கே பார்ப்பதில்லை. “நீங்கள் எந்த அணி?” என்று அவர் கேட்டால், இந்தியா இதில் இல்லை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். “உங்கள் தாத்தா எந்தத் தீவு?” என்று திருப்பிக் கேளுங்கள், அரைமணி நேரம் போவதே தெரியாது.

அடுத்த உலகக் கோப்பை 2026 அக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை ஆஸ்திரேலியாவில். ஆண்களில் 10 அணிகள், சில ஆட்டங்கள் பாப்புவா நியூ கினியில். ஊருக்கு வீடியோ கால் போட்டு ஆட்டம் காட்டுகிறவர்கள் நேரத்தில் தவறுகிறார்கள். அந்த மாதங்களில் சிட்னி நம் ஊரைவிட ஐந்தரை மணி முன்னால்: அங்கே இரவு 8 என்றால் ராமநாதபுரத்தில் பகல் 2.30. பிரிஸ்பேனில் கோடைநேர மாற்றம் கிடையாது, அங்கே நாலரை மணிதான். இறுதி ஆட்டம் பிரிஸ்பேனில் என்பதால் இந்த ஒரு மணியில் ஏமாறாதீர்கள். பெர்த் என்றால் வெறும் இரண்டரை.

பிள்ளை ஆட ஆசைப்பட்டால் மவுத்கார்ட் இல்லாமல் அனுப்பாதீர்கள். கடையில் வாங்கும் சாதாரண வகையைச் சுடுநீரில் முக்கிக் கடித்து அச்சு எடுக்க வேண்டும். கெடுவது இங்கேதான்: அடுப்பில் கொதிக்கும்போதே போட்டால் முழுக்க இளகிச் சுருண்டுவிடும். தண்ணீரை இறக்கி, கொதி அடங்கியபின், அட்டையில் போட்டிருக்கும் நொடிக்கணக்குக்கு மட்டும் முக்குங்கள். மேல்பல்லில் வைத்து மெதுவாகக் கடித்து, உதட்டை மூடி உறிஞ்ச வேண்டும். பலமாகக் கடித்தால் அடியில் தாள்போல மெலிந்துபோகும், பிறகு அது இருந்தும் பயனில்லை. வெயிலில் கார் டேஷ்போர்டில் விட்டாலும் கோணிவிடும். பல்லில் கம்பி போட்ட பிள்ளைக்குப் பல் மருத்துவர் செய்து தருவதுதான் சரி.

தலையில் அடிபட்டால் “ஒன்றும் இல்லை, தைலம் தடவு” என்கிற நம் வழக்கம் அங்கே கூடாது. அன்று அதோடு ஆட்டம் முடிந்தது. கன்கஷன் (மூளை அதிர்ச்சி) என்று தெரிந்தால், ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்படி அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் மோதல் ஆட்டம் கிடையாது. அறிகுறி எதுவும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகுதான் மோதலுள்ள பயிற்சியே. பயிற்சியாளர் அவசரப்பட்டாலும் பெற்றோர் மறுக்கலாம், மறுக்க வேண்டும்.

அரியமானில் ஆடுகிற பிள்ளைகளுக்குப் பிடித்து விழுத்தும் ஆட்டம் வேண்டாம். தொட்டாலே ஒரு பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு தொடுதலில் பந்து மாறும். பக்கத்துக்கு ஆறு பேர் போதும். சட்டப்படி 70க்கு 50 மீட்டர் என்றாலும் மணலில் அதில் பாதியே மூச்சு வாங்க வைக்கும். அலை நனைத்து இறுகிய ஈரமணலில் கோடு போடுங்கள். மேல்மணலில் சங்கும் சிப்பியும் காலைக் கிழிக்கும், இன்னும் மேலே போனால் சீமைக்கருவேல முள். டிசம்பரில் வாடைக்காற்று பந்தை இழுத்துக்கொண்டு போகும், அதனால் உதை வேண்டாம், கையால் எறிவது மட்டும். ஆடி முடித்ததும் உப்பும் மணலும் போகப் பந்தை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். காற்று அடிக்கும் துளையில் மணல் இருக்கும்போதே ஊசியைச் செருகினால் வால்வு கிழிந்துபோகும். அந்த அளவில் மாற்றுப் பந்து ராமநாதபுரம் கடைகளில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.