சிமெண்ட்டை உரித்த கதை

வீடு புதுச்சேரியில், தமிழர் பகுதியில். தாத்தாவின் அப்பா காலத்துக் கட்டடம். கீழே தாழ்வாரம், திண்ணை, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண். மாடிக்குப் போனால் பிரெஞ்சுக்காரன் பாணியில் வளைவு வைத்த ஜன்னல்கள். அப்பா போன பிறகு, அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் நாங்களும் இங்கேயே வந்துவிடுவது என்று முடிவாயிற்று. பார்க்க வந்த பில்டர்கள் இரண்டு பேரும், "இடிச்சிட்டு ஃபிளாட் போடலாம் சார்" என்றார்கள்.

இடிக்காமல் இருப்பதற்கு முதலில் கடன் வேண்டும், கடனுக்குப் பத்திரம். எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954-க்கு முந்தையது, நொத்தேர் என்ற பத்திர அதிகாரி முன்னால் பிரெஞ்சில் எழுதியது. அதை மொழிபெயர்த்து, பாரிஸ் பக்கம் இருக்கும் அத்தையிடம் தூதரகம் வழியாகப் பவர் வாங்கி வருவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. பேங்க் அனுப்பிய இன்ஜினியர் வீட்டைச் சுற்றி வந்து, "பில்லர் எங்கே?" என்றார். சுவர்தான் தாங்குகிறது என்றேன். மனைக்கு மட்டும் மதிப்புப் போட்டு, கட்டடத்துக்குப் பூஜ்யம் எழுதிவிட்டுப் போனார். கடைசியில் மனைவியின் நகைதான் கைகொடுத்தது.

வேலை தொடங்கியபோது புதிதாக என்னென்ன சேர்க்கலாம் என்று பெரிய பட்டியல் வைத்திருந்தேன். பணத்தில் பாதி போனது பழைய ரிப்பேரைப் பிரிக்கத்தான். எண்பதுகளில் அப்பா ஆசையாகக் கூடத்துச் சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார். அன்றிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம். வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்போம், மழைக்காலம் முடிந்ததும் அது அப்பளம் மாதிரி பொரிந்து உதிரும். எழுபது வயது மேஸ்திரி ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "சொவுரு கீழேர்ந்து தண்ணி குடிக்கும் தம்பி. வேர்த்துதான் காயும். நீங்க அதுக்கு ரெயின்கோட்டு மாட்டிவுட்டா எங்க வேர்க்கும்?"

சிமெண்ட்டை உளியால் கொத்தி எடுக்கவே மூன்று வாரம். உள்ளேயிருந்த செங்கல் விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது. அதில் வெள்ளை வெள்ளையாக உப்பு. அந்தக் கல்லையெல்லாம் மாற்றி, கோடை முழுக்கச் சுவரை அம்மணமாகவே காயப் போட்டோம். பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பணம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

பிறகு சுண்ணாம்பு. குழியில் தண்ணீர் விட்டுத் தாளித்து, அதாவது நீற்றி, வாரக்கணக்கில் ஊற வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் ஊறும். பத்தாம் நாள் தெருவே மணத்தது, எதிர்வீட்டு அக்கா வந்து, "சாராயம் காய்ச்சுறீங்களா?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். பூச்சு ஒரு நாளில் ஒப்பேறாது. மெல்லிசாக ஒரு கை பூசி, தினமும் தண்ணீர் தெளித்து, அது இறுகும் வரை காத்திருந்து, அதன்மேல் அடுத்த கை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இறுகுகிற சரக்கு அது, அவசரம் அதற்குத் தெரியாது. எனக்குத்தான் வாடகை வீட்டு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைக்கு மூலை சாய்வாக அடுக்கி, மேலே ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்கியது. ஒழுகுகிறது என்று அதன் தலையிலும் யாரோ சிமெண்ட் ஏற்றியிருந்தார்கள். பாரம் கூடியதுதான் மிச்சம், ஒழுகல் நிற்கவில்லை. சுவருக்குள் புதைந்திருந்த கட்டை முனைகள் ஏழு மக்கிப்போயிருந்தன. பழைய மரக்கடையில் தேடியபோது, இதே ஊரில் இடித்த வீட்டுத் தேக்குகள் அளவுக்குப் பொருந்தின. ஒன்றில் இரும்பு வளையம், தொட்டில் கட்டியது. கழற்ற வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

நவீன வசதிகளில் பெரிய கதை எதுவும் இல்லை. மரத்தளத்தின்மேல் தண்ணீர் புழங்கினால் வினை என்பதால் மாடியில் பாத்ரூம் கேட்ட மகளுக்கு ஏமாற்றம். இரண்டு பாத்ரூமும் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டி. சுவரை வெட்டாமல் ஒயரிங் குழாய் வெளியே தெரியும்படி போனது. ஏசி ஒரே ஒரு அறையில். பதினான்கடி உயரக் கூடத்தைக் குளிர வைக்க நினைப்பது வீண்செலவு. முற்றத்துக் காற்றே போதும். ஆனால் முற்றத்தின்மேல் கண்ணாடி போடலாம் என்று ஒருமுறை சபலப்பட்டேன். மேஸ்திரி பதில் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தார், அதோடு விட்டுவிட்டேன். கொசுவலையும் குரங்குக்குக் கம்பியும் மட்டும் போட்டோம்.

எட்டு மாதம் என்று ஆரம்பித்தது பத்தொன்பது மாதம் ஆயிற்று. குடிவந்து இரண்டு மழைக்காலம் பார்த்தாகிவிட்டது. தெருப்பக்கச் சுவர் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இன்னும் உப்பு பூக்கிறது. ஈரத்துணியால் துடைக்காமல் காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிடச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. சோபாவை அரையடி தள்ளிப் போட்டிருக்கிறோம்.