200 பேர் அரங்கும் ஒரு கணக்குத் தாளும்

தென் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் நகரில் 2022 முதல் 2025 வரை மியூசிக் புரமோஷன் படித்தேன். பாட்டையும் பாடுகிறவரையும் கேட்பவர்களிடம் கொண்டுசேர்க்கும் வேலைக்கான மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் அது. லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா கேட்டார்: "பாடிப் பிழைக்கிறவர்களே குறைவு, பிள்ளை. அவர்களை நம்பிப் பிழைக்க ஒரு பட்டமா?" நியாயமான கேள்விதான். ஆண்டுக் கட்டணம் 9,250 பவுண்டு. மாணவர் கடனில் படித்தேன். வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 விழுக்காடு பிடிப்பார்கள். 30 ஆண்டுகளில் அடைபடாத மீதி தள்ளுபடியாகும். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் அப்பா சற்று இளகினார்.

விண்ணப்பம் வழக்கம்போல் பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் வழியாகத்தான். அப்போது 4,000 எழுத்துகளுக்குள் ஒரே கட்டுரையாக எழுத வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளுக்கான பதில்களாக மாறிவிட்டது. எந்த இசைக்குழு பிடிக்கும் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். நான் அரங்கேற்றங்களைப் பற்றி எழுதினேன். லண்டன் தமிழர்கள் ஒரு பிள்ளையின் அரங்கேற்றத்துக்குப் பெரிய மண்டபத்தை எடுப்பார்கள், அழைப்பிதழ் அச்சடிப்பார்கள், தலைமை விருந்தினரைப் பிடிப்பார்கள், ஊரிலிருந்து பக்கவாத்தியக்காரரை வரவழைப்பார்கள். டிக்கெட் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆனாலும் மண்டபம் நிறையும். பிள்ளையின் தாய் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசியிருப்பார், அதுதான் காரணம். இந்தத் தொழிலின் அடிப்படை அதுவே என்று அன்று ஓர் ஊகமாகத்தான் எழுதினேன். இன்று உறுதியாகவே சொல்கிறேன்.

முதலாண்டில் மேடை, விளக்கு எதுவும் கண்ணில் படாது. சட்டம்தான். ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. பிரிட்டனில் முதலாவது மேடையிலோ வானொலியிலோ ஒலிக்கும்போது சேரும் பணத்தைத் திரட்டித் தருவது 1914இல் தொடங்கிய பிஆர்எஸ். ஒலிப்பதிவு பொது இடங்களிலும் வானொலியிலும் ஒலிப்பதற்கான பணத்தைத் திரட்டுவது 1934இல் வந்த பிபிஎல். பாடலாசிரியரும் பாடகரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டிலும் பதிவு செய்திருக்க வேண்டும். வகுப்பில் பலருக்கு இது சலிப்பூட்டியது. எனக்கு இங்கேதான் படிப்பின் மீது பிடிப்பு வந்தது. எங்களோடு பழகிய உள்ளூர்க் குழுக்களில் பாதிப் பேர் சொந்தப் பாடல்களை மேடையில் பாடிவிட்டு, பாடிய பட்டியலை பிஆர்எஸ்ஸுக்கு அனுப்பாமலே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அனுப்பினால் பணம் வரும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கிட்டார் வாசித்துப் பாடும் ஒரு பெண்ணுக்கு உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பல மாதங்கள் கழித்து அவள் கணக்கில் சிறு தொகை ஒன்று வந்து சேர்ந்தது. நான்கு கிட்டார் தந்தித் தொகுதிகளின் விலைதான் இருக்கும். அந்த விவர அறிக்கையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அதை இன்னும் அழிக்கவில்லை.

இரண்டாமாண்டில் மாணவர்களே ஓர் உண்மையான இசை நிகழ்ச்சியை நடத்த வேண்டும். சவுத்ஹாம்ப்டனின் செயின்ட் மேரி தெருவில் தி ஜாய்னர்ஸ் என்று ஒரு சிறு அரங்கு உண்டு. 200 பேர் நின்றால் நிறைந்துவிடும். ஓயாசிஸ், ரேடியோஹெட், கோல்ட்பிளே போன்றவர்கள் பெயர் எடுப்பதற்கு முன்பு பாடிய இடம். இப்படிப்பட்ட அரங்குகள் நாடெங்கும் மூடப்பட்டு வருவதால்தான் 2014இல் மியூசிக் வெனியூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஒரு குழு நேராக லண்டனின் வெம்பிளி போன்ற பெரிய அரங்கில் போய்ப் பாடிவிட முடியாது. முதலில் 80 பேர், பிறகு 200 பேர், பிறகு 600 பேர். இந்தப் படிகளில் ஒன்று உடைந்தால் அதற்கு மேல் உள்ளவையும் ஆட்டம் காணும்.

நிகழ்ச்சிக்கு முன் எங்களுக்குத் தந்த பயிற்சிக் கணக்கை அப்படியே சொல்கிறேன். டிக்கெட் 12 பவுண்டு, 150 பேர் வருகிறார்கள், வசூல் 1,800. டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கிய 20 விழுக்காடு வாட் வரியைக் கழித்தால் 1,500. பிஆர்எஸ்ஸுக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு, அதாவது 60. அரங்க வாடகை, ஒலிப் பொறியாளர், வாசல் காவலர், முதலில் பாடும் சிறு குழுக்கள், விளம்பரம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து 900. மிச்சம் 540. அதில் முதன்மைக் குழுவுக்கு 80 விழுக்காடு, நடத்துகிறவருக்கு 20. ஆறு வாரம் அலைந்தவர் கையில் 108 பவுண்டு. அதே அரங்குக்கு 100 பேர் மட்டும் வந்தால் மிச்சம் 60 பவுண்டுதான். குழுவோடு போட்ட ஒப்பந்தத்தில் "குறைந்தது 250 பவுண்டு, அல்லது மிச்சத்தில் 80 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது" என்று இருந்தால், நடத்துகிறவர் சொந்தப் பணத்திலிருந்து 190 எடுத்து வைக்க வேண்டும். வராத 50 பேரின் எடை இவ்வளவு. இதைப் போட்டுப் பார்த்த பிறகு போஸ்டர் அழகாக இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. யார் வருவார்கள், ஏன் வருவார்கள் என்பதையே கேட்டேன்.

எங்கள் நிகழ்ச்சிக்குச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்தோம், கடைகளில் போஸ்டர் ஒட்டினோம். ஆனால் டிக்கெட்டுகளைப் பெரும்பாலும் விற்றது ஒரு பெயர்ப் பட்டியல்தான். மூன்று குழுக்களின் முந்தைய நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களைப் பெயர் பெயராக எழுதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினோம். பொதுவாக எல்லோருக்கும் ஒரே செய்தி இல்லை. "போன முறை முன்வரிசையில் நின்றீர்களே, இந்த முறை புதுப் பாட்டு இரண்டு இருக்கிறது" என்ற அளவுக்குக் குறிப்பாக. அரங்கேற்றத் தாய்மார் செய்வது இதைத்தான்.

நிகழ்ச்சி நாளன்று முதன்மைக் குழு முதலிலும், தொடக்கத்தில் பாடும் குழு கடைசியிலும் ஒலிச் சோதனை செய்யும். கடைசியில் சோதித்தவர்களின் அமைப்பு கலையாமல் அப்படியே மேடையில் இருக்கும், அவர்களே முதலில் ஏறிப் பாடலாம். எல்லாம் முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல் மதுக்கூடத்தின் ஓரத்தில் செட்டில்மென்ட், அதாவது கணக்கு முடிப்பு, நடக்கும். ஒரே ஒரு தாள். வசூல், செலவு, ரசீதுகள், மிச்சம், பங்கு. குழுவின் மேனேஜர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். "சாப்பாடு 58 என்று எழுதியிருக்கிறீர்கள், ரசீது எங்கே?" எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை சவுத்ஹாம்ப்டனுக்கு வந்தால் உங்களிடமே வருகிறோம் என்றார். மூன்றாண்டில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்களில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

பாடல் வெளியீட்டுப் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் வெள்ளிக்கிழமையே வெளியீட்டு நாள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் தொகுப்பாளர்களுக்குப் பாடலைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே அனுப்ப வேண்டும். வெளியாகிவிட்ட பாட்டை அனுப்ப வழியில்லை. புதியவர்களின் பாடல்களை ஒலிபரப்பும் பிபிசி இன்ட்ரொடியூசிங் என்ற கதவும் திறந்தே இருக்கிறது. இவற்றையெல்லாம் பட்டம் இல்லாமலே தெரிந்துகொள்ள முடியும்.

மூன்றாமாண்டு ஆய்வுக்கு லண்டனில் நடக்கும் தமிழ் இசை நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டேன். 2017 ஜூலையில் வெம்பிளியில் ஏ. ஆர். ரகுமான் நடத்திய நிகழ்ச்சியில் தமிழ்ப் பாடல்கள் அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்துபோனதும், பணத்தைத் திருப்பிக் கேட்டதும் செய்தியானது. நிகழ்ச்சியின் பெயரே தமிழில்தான் இருந்தது. என் பேராசிரியருக்கு இது புதிய செய்தி, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. டிக்கெட் வாங்குகிறவர் தான் எதை வாங்குகிறோம் என்று நினைக்கிறார், விளம்பரம் அவருக்கு எதைச் சொன்னது என்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையே என் ஆய்வு பேசியது. நாம் பிறந்து வளர்ந்த சூழலே ஆய்வுப் பொருளாகும் என்பதை அங்கேதான் கண்டேன்.

வேலைப் பயிற்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சம்பளம் இல்லை, ரயில் கட்டணமும் தர மறுத்தார்கள். பட்டப்படிப்பின் பகுதியாகச் செய்யும் ஓராண்டுக்கு உட்பட்ட பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது, அதனால் சட்டம் அவர்கள் பக்கம். லண்டனிலேயே வீடு இருந்ததால் நான் தாக்குப்பிடித்தேன். வேறு ஊரிலிருந்து வந்த என் தோழி இரண்டாம் வாரமே விலகிவிட்டாள். அவள் என்னைவிடத் திறமைசாலி. இந்தத் துறையில் யார் நிலைக்கிறார்கள் என்பதை வீட்டு வாடகை முடிவு செய்வது எனக்குக் கோபமூட்டுகிறது. இதைப் பல்கலைக்கழகங்கள்தான் முதலில் தட்டிக்கேட்க வேண்டும்.

இப்போது ஒரு நிகழ்ச்சி நிறுவனத்தில் டிக்கெட் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். நேர்முகத்தில் பட்டத்தின் தரத்தை யாரும் கேட்கவில்லை. நீங்கள் நடத்திய நிகழ்ச்சியின் கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினேன்.

இந்தப் படிப்பை யோசிக்கிற தம்பி தங்கையர், சேர விரும்புகிறவர்கள் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கும் திறந்த நாளுக்குப் போகும்போது ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். மாணவர்கள் எந்த அரங்கில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள், டிக்கெட் விற்காவிட்டால் நட்டத்தை யார் ஏற்பது, பயிற்சிக் காலத்தில் பயணச் செலவுக்கு என்ன வழி என்று கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வரும் இடத்தில் விண்ணப்பியுங்கள்.