ஊசிக்கு மாற்று கேட்பவர்களிடம்

"ஊசி போடாமல் சரியாக்க வழி இருக்கிறதா, டாக்டர்?" என்று கால்நடை வளர்ப்போர் கேட்பது என் பணிக்காலத்தில் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் செலுத்திய மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள்கள் வரை கொட்ட வேண்டியிருப்பதால் சிலர் கேட்கிறார்கள். மருந்துக்குப் பணியாத கிருமிகளைப் பற்றிப் படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் எந்த நோய்க்கு, அதன் எந்தக் கட்டத்தில் என்பது தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

மடிநோயையே எடுத்துக்கொள்ளலாம். கறுப்புத் தட்டில் பீய்ச்சிய முதல் பால் திரிதிரியாக விழுகிறது, மடியின் ஒரு பகுதி மட்டும் சற்றுக் கெட்டிப்பட்டிருக்கிறது, ஆனால் மாடு வழக்கம்போல் தின்று அசைபோடுகிறது என்றால், பால் மாதிரியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வைத்துவிட்டு ஒரு நாள் பொறுக்கலாம். ஈ.கோலை போன்ற கிருமிகளால் வரும் லேசான மடிநோயைப் பெரும்பாலும் மாட்டின் உடலே தீர்த்துக்கொள்ளும். சில மாதிரிகளில் எந்தக் கிருமியும் வளர்வதில்லை. அத்தகைய மாடுகளுக்கு வலியும் வீக்கமும் குறைய மருந்து கொடுத்து, மடியை நன்றாகக் கறந்துவிட்டு, சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்தரைத்த பூச்சைத் தடவிவந்ததில் பல மாடுகள் குணமானதைக் கண்டிருக்கிறேன். அதில் பூச்சின் பங்கு எவ்வளவு, உடலின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. (பெயர் என்னவோ பூச்சுக்குத்தான் கிடைக்கிறது.) மாறாக, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே வளர்ந்தால் ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பது தவறு, அது கறவையின்போது மாட்டுக்கு மாடு தொற்றும், மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். காது சில்லிட்டு, கண் குழிந்து, மடியில் தண்ணீர்போல் பால் சுரக்க, எழ முடியாமல் கிடக்கும் மாட்டுக்குப் பூச்சு தடவிக் காத்திருப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கன்றுக் கழிச்சலில் நிலைமை வேறு. பிறந்த சில வாரங்களுக்குள் வரும் கழிச்சலுக்கு ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஆகியவை முக்கியக் காரணங்கள். இவற்றை வழக்கமான ஆன்டிபயாடிக் தொடுவதே இல்லை. கன்று சோர்ந்து படுக்காத வரை, உப்புச்சத்துக் கரைசலும் நிறுத்தாமல் கொடுக்கும் பாலும்தான் மருந்து. பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போயிருந்தால், இந்தச் சிக்கலில் பாதி எழாது என்பது என் கணிப்பு.

தடுப்பில்தான் இயற்கை வழிகளுக்கு வலு அதிகம். 1973இல் பின்லாந்தின் ஆய்வாளர்கள் நூர்மியும் ரன்டாலாவும், வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்கு ஊட்டினால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி குடலில் குடியேறுவது கடினமாகிறது என்று காட்டினார்கள். தாயைப் பாராமல் பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சின் வெற்றுக் குடலில் நல்ல கிருமிகள் முந்திக்கொண்டால் கெட்டவற்றுக்கு இடமில்லாமல் போகிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றிலும் தடை செய்தபின், இத்தகைய நுண்ணுயிர்களும் கரிம அமிலங்களும் தீவனத்தில் பெரிதும் இடம்பிடித்தன.

இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது என்ற நம்பிக்கையை மட்டும் நான் விடாமல் மறுத்துவருகிறேன். வெங்காயம் அளவு மீறினால் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வரும். ஆகவே மூலிகை கொடுப்பவர்களிடமும் அளவு, வேளை, உடல் வெப்பம் ஆகியவற்றை எழுதிவைக்கச் சொல்கிறேன். மறுநாள் கறவைக்குள் காய்ச்சல் தணியாவிட்டாலோ மாடு தீனி எடுக்காவிட்டாலோ அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.