உள்ளாட்சி பேப்பர்: சிறிய கட்சிகள் கேள்வியை நான் எழுதிய விதம்

போன வெள்ளிக்கிழமை ரிசல்ட். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. உள்ளாட்சி நிர்வாகத்தில் 78. மற்ற பேப்பரெல்லாம் அறுபதைச் சுற்றித்தான், அதனால் பெரிய ஆளென்று நினைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அந்த ஒரு பேப்பரைப் பற்றியே கேட்கிறார்கள். அடுத்த பேட்ச் தம்பி, தங்கச்சிகளுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் பயந்த கேள்வி இது: மாநகராட்சித் தேர்தல்களில் சிறிய கட்சிகளின் நிலையை எடுத்துக்காட்டுகளுடன் மதிப்பிடுக. 15 மார்க். சாய்ஸ் இருந்ததால் பாதிப் பேர் நகர உள்ளாட்சிகளுக்கான 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பக்கம் ஓடிவிட்டார்கள். கைடில் இந்தத் தலைப்புக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. கட்சியின் பெயர், தொடங்கிய வருடம், சின்னம், அவ்வளவுதான். அதை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் இந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதினேன். எனக்கு மனப்பாடம் வராது, எண்கள் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

என் பதில் முழுவதும் ஒரே ஒரு கேள்வியில் நின்றது. அந்தக் கட்சியின் ஓட்டு ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா, ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறதா? எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வார்டு என்பது மிகச் சிறிய தொகுதி. நான்கு தெருவில் நீங்கள் முதலிடம் என்றால் கவுன்சிலர். நாற்பது தெருவிலும் மூன்றாமிடம் என்றால் ஒன்றுமில்லை.

இதற்கு 2020 ஹைதராபாத் மாநகராட்சித் தேர்தலை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. மொத்தம் 150 வார்டு. அப்போது மாநிலத்தை ஆண்ட டிஆர்எஸ் (தெலங்கானா ராஷ்டிர சமிதி) 56, பாஜக 48, ஓவைசியின் மஜ்லிஸ் கட்சி 44, காங்கிரஸ் 2. மஜ்லிஸ் போட்டியிட்டதே 51 வார்டில்தான். நகரம் முழுக்கக் கணக்கிட்டால் அதன் ஓட்டு 19 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு, இடங்களிலோ 29 விழுக்காடு. ஏறக்குறைய எல்லா வார்டிலும் நின்ற காங்கிரஸுக்கு 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஓட்டு, கையில் 2 வார்டு. மாநிலச் சட்டமன்றத்தில் 119க்கு 7 பேர் மட்டும் வைத்திருக்கிற கட்சி, தலைநகரின் மாமன்றத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மஜ்லிஸின் ஓட்டு குவிந்திருக்கும் பழைய நகரத்தின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2016இல் டிஆர்எஸ் 99 வார்டுகளை அள்ளியபோதும் மஜ்லிஸுக்கு அதே 44தான். சுற்றிலும் அலை அடித்தாலும் அந்த எண் நகரவில்லை. இந்த வரியை நான் அடிக்கோடிட்டேன்.

பிரெஞ்சு அரசியல் அறிஞர் துவெர்ஜேயை இங்கேதான் கொண்டுவர வேண்டும், முன்னுரையில் இல்லை. ஒரே உறுப்பினர் தொகுதியும் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற முறையும் சேர்ந்தால் இரு கட்சிகள்தான் மிஞ்சும் என்றார். ஒவ்வொரு வார்டாகப் பார்த்தால் அது சரிதான், பெரும்பாலும் இருவர் சண்டைதான். ஆனால் எல்லா வார்டிலும் அதே இருவர் இல்லையே. அதனால்தான் மாமன்றத்தில் மூன்று, நான்கு கொடிகள்.

சிதறலுக்குச் சென்னை. 2019 மக்களவைத் தேர்தலில் மக்கள் நீதி மய்யம் சென்னையின் மூன்று தொகுதிகளிலும் பத்து விழுக்காட்டைத் தாண்டியது. நகரத்துக் கட்சி என்றே பேசினார்கள். 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் 200 வார்டில் ஒன்றுகூட இல்லை. நாம் தமிழருக்கும் இல்லை, தனியாக நின்ற பாமகவுக்கும் இல்லை.

அப்படியானால் மாநகராட்சிக்குள் போன சிறிய கட்சிகள் எப்படிப் போயின? பெரும்பாலானவை கூட்டணியில் பங்கு வாங்கி. சென்னை 2022:

- திமுக 153, அதிமுக 15
- காங்கிரஸ் 13
- சிபிஎம் 4, விசிக 4
- மதிமுக 2
- சிபிஐ 1, முஸ்லிம் லீக் 1
- பாஜக 1, அமமுக 1
- சுயேச்சை 5

கூட்டிப் பாருங்கள், 200 வரும். ஹாலில் நான் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.

இந்த இடத்தில் மேயர் தேர்தல் முறையையும் சேர்க்க வேண்டும். மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தால் சிறிய கட்சிக்கு அங்கே வேலையில்லை. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் பேரம் பேசலாம். 2022இல் மறைமுகத் தேர்தல் என்பதால் கும்பகோணம் மேயர் காங்கிரஸுக்கு. துணை மேயர் மதுரையில் சிபிஎம்முக்கு, திருப்பூரில் சிபிஐக்கு, கடலூரில் விசிகவுக்கு, ஆவடியில் மதிமுகவுக்கு. கொடுத்த இடம் கைக்கு வராமலும் போகும். நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி விசிகவுக்கு ஒதுக்கப்பட்டது, திமுகக்காரரே போட்டியிட்டு ஜெயித்துவிட்டார். இப்படிக் கூட்டணியின் இடங்களைப் பிடித்தவர்களை விலகச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் அறிக்கை விட வேண்டியிருந்தது. இரவல் இடத்துக்கும் சொந்த இடத்துக்கும் இதுதான் வித்தியாசம் என்று எழுதினேன். கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரிதான், ஆனால் மார்க் விழுந்திருக்கிறது.

ஜெயித்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதுங்கள்.

- மும்பை: ராஜ் தாக்கரேயின் நவநிர்மாண் சேனா 2012இல் 28 வார்டு. 2017இல் 7. அந்த ஏழில் ஆறு பேர் சில மாதங்களிலேயே சிவசேனாவுக்குப் போய்விட்டார்கள்.
- சூரத் 2021: ஒரு வார்டுக்கு நான்கு உறுப்பினர், வாக்காளருக்கு நான்கு ஓட்டு, மொத்தம் 120 இடம். பாஜக 93, ஆம் ஆத்மி 27, காங்கிரஸ் பூஜ்யம். குவிந்த ஓட்டு இருந்தால் நான்கு இடமும் ஒரே மூச்சில் வரும். அங்கேயும் பிறகு ஆம் ஆத்மி கவுன்சிலர்கள் சிலர் பாஜகவுக்குத் தாவினார்கள்.
- கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான். கவுன்சிலர்களுக்குப் பொருந்தாது, தனிச் சட்டம் இருக்கிற மாநிலங்களில் மட்டும் கட்டுப்பாடு.

செய்ய வேண்டாதவை:

- கட்சி வரலாறு
- தலைவர்களைப் பற்றிய அடைமொழி
- "ஜனநாயகத்தின் ஆணிவேர்" என்று தொடங்கும் முன்னுரை
- குரூப் ஸ்டடி. மற்றவர்களுக்கு உதவலாம். எனக்குத் தலைவலிதான் வந்தது.

படிக்கும் முறை என்று பெரிதாக எதுவுமில்லை. தேர்தல் முடிவுப் பட்டியலை எடுத்து, கட்சிவாரி இடங்களை ஒரு தாளில் எழுதி, மொத்தம் சரியா என்று கூட்டுவேன். கூட்டல் சரியாக வராத பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடுவேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், கணக்குப் பிரிவுக்காரன் புத்தி.

கடைசியாக, நேரம் மிச்சமிருந்தால் நியூயார்க்கைச் சேருங்கள். அங்கே 1937 முதல் நகர மன்றத்துக்கு விகிதாச்சார முறை, அதாவது வாங்கிய ஓட்டின் அளவுக்கு ஏற்ப இடம். 1945இல் இரண்டு கம்யூனிஸ்ட்டுகள்கூட உள்ளே வந்தார்கள். 1947இல் வாக்கெடுப்பு நடத்தி அந்த முறையை ஒழித்தார்கள். 1949 தேர்தலில் 25 இடங்களில் 24 டெமாக்ரட் கட்சிக்கு. நான்கு வரி போதும். நேரம் இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள், ஹைதராபாத்தை மட்டும் விடாதீர்கள்.